விட்டவன் விழுக்காடு முதல் ஒப்பந்தக் கூலி வரை: திருப்பதியில் முதுமையின் பொருளியல் வரலாறு

திருமலைக் கோயிற் கல்வெட்டுகளைப் படிக்கத் தொடங்கும் மாணவர் எவரும் முதற் சில பக்கங்களிலேயே ஒரு தொடரை எதிர்கொள்வர்: 'விட்டவன் விழுக்காடு'. கோயிலுக்குப் பொருள் விட்டவன், அதாவது கொடையளித்தவன், அக்கொடையால் நடக்கும் அமுதுபடியில் பெறும் பங்கு என்பது இதன் பொருள். பெரும்பாலான ஆவணங்களில் அப்பங்கு நான்கில் ஒன்று. இன்று நாம் நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிடப் பயன்படுத்தும் 'விழுக்காடு' என்னும் சொல், அங்கே சட்டியில் வெந்த சோற்றின் பங்கைக் குறித்தது.

தலைமுறைகளுக்கிடையிலான செல்வ வேறுபாடு பற்றி இப்போது நடைபெறும் உரையாடல்களில், பெற்றோருக்கு ஓய்வூதியம் இருந்தது, பிள்ளைகளுக்கு இல்லை. பெற்றோர் வீடு கட்டினர், பிள்ளைகள் வாடகை கட்டுகின்றனர் என்னும் வாதம் திரும்பத் திரும்ப வருகிறது. இவ்வாதம் பெரும்பாலும் கடந்த 50 ஆண்டுகளை மட்டுமே கணக்கில் கொள்கிறது. சித்தூர், திருப்பதிப் பகுதியின் ஆவணங்கள் இதே கேள்வியை மிக நீண்ட கால அளவில் கேட்க இடந்தருகின்றன. உழைக்க இயலாத வயதில் ஒருவர் எந்த உரிமையால் உண்கிறார்? அவருக்குப் பின் அவ்வுரிமை யாரைச் சேர்கிறது? இவ்விரு கேள்விகளுக்கும் திருமலை வெவ்வேறு காலங்களில் மூன்று விடைகளைத் தந்துள்ளது. அவற்றைப் பங்கு, சம்பளம், ஒப்பந்தம் எனச் சுருக்கிக் கூறலாம்.

1. பங்கு: கல்வெட்டுகள் காட்டும் நிதியமைப்பு

திருமலை, திருப்பதி, திருச்சானூர்க் கோயில்களின் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. சாது சுப்பிரமணிய சாஸ்திரியின் உழைப்பால் 1930-களில் இவை தேவஸ்தான வெளியீடுகளாக வரத் தொடங்கின. தொகுதிகளின் பெரும்பகுதி விசயநகரக் காலத்தைச் சேர்ந்தது. சந்திரகிரியை மையமாகக் கொண்டு எழுந்த சாளுவ நரசிம்மன் காலந்தொட்டு அச்சுதராயர், சதாசிவராயர் காலம் வரை ஆவணங்கள் அடர்ந்து காணப்படுகின்றன.

இவ்வாவணங்களின் நடைமுறை ஏறத்தாழ ஒரே வார்ப்பில் அமைந்தது. கொடையாளர் 'நற்பணம்' இத்தனை என்று கோயில் பண்டாரத்தில் செலுத்துவார். தானத்தார் அப்பணத்தைக் கோயிலுக்குரிய திருவிடையாட்டக் கிராமங்களில் ஏரி வெட்டவும் கால்வாய் தோண்டவும் செலவிடுவர். நீர் பெருகியதால் மிகும் விளைச்சலிலிருந்து, கொடையாளர் பெயரால் குறித்த நாளில் குறித்த அளவு அமுது படைக்கப்படும். படைத்த பிரசாதத்தில் நான்கில் ஒன்று கொடையாளருக்கு. எஞ்சியது தானத்தாருக்கும் கைங்கரியம் செய்வோருக்கும். இந்த ஏற்பாடு 'சந்திராதித்தவரை', அதாவது நிலவும் ஞாயிறும் உள்ளவரை, கொடையாளரின் சந்ததிக்கு நடக்கும். ஆவணத்தின் இறுதியில் கோயில் கணக்கு திருநின்றஊர் உடையான் எழுத்து.

அமெரிக்க வரலாற்றறிஞர் பர்ட்டன் ஸ்டைன் 1960-இல் எழுதிய கட்டுரை, இந்நடைமுறையை ஒரு பாசன முதலீட்டு அமைப்பாக விளக்கியது. அவ்விளக்கம் கோயிலையும் வேளாண் பொருளாதாரத்தையும் மையமாகக் கொண்டது. அதே ஆவணங்களைக் குடும்பத்தின் பக்கத்திலிருந்து நோக்கினால் வேறொரு சித்திரம் கிட்டுகிறது. ஒரு தலைமுறை ஒரே முறை செலுத்திய முதல், அடுத்தடுத்த தலைமுறைகளுக்கு அழியாத ஆண்டு வருவாயாகிறது. பிரசாதத்தை உண்ணலாம், வேறொருவருக்கு ஒதுக்கலாம், விற்கவும் செய்யலாம். பிரசாதம் வாங்கி யாத்திரிகர்க்கு விற்ற 'பிரசாதக்காரர்' என்னும் பிரிவினர் இருந்தமையால், சோற்றுப் பங்கு பணமாகவும் மாறக்கூடியதாயிருந்தது. இதனை இன்றைய மொழியில் பரம்பரை ஓய்வூதியம் எனலாம்.

இதன் தலைமுறை இயக்கத்தைத் தாள்ளபாக்கம் குடும்பத்தில் தெளிவாகக் காணலாம். 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அன்னமாச்சாரியார் பாடகர். அவர் மகன் பெரிய திருமலாச்சாரியார் காலத்திலேயே குடும்பம் செல்வ நிலையை அடைந்தது. கீர்த்தனைகளைச் செப்பேடுகளில் பொறித்து வைத்ததும், கோயிலில் கட்டளைகள் ஏற்படுத்தியதும் மகன் தலைமுறையின் செயல்கள். தந்தையின் பாட்டு மகனின் கையில் நிலமும் பங்கும் மரியாதையுமாக உருப்பெற்றது. அம்மரியாதையின் எச்சங்கள் இன்றளவும் அக்குடும்பத்தாரால் அனுபவிக்கப்படுகின்றன.

இந்த அமைப்பில் நுழைய முதல் வேண்டும். அல்லது பிறப்பு வேண்டும். அரசர், படைத்தலைவர், வணிகர், ஆச்சாரியர், எம்பெருமானடியார் எனக் கொடையாளர் பலதிறத்தினர் என்பது உண்மையே. ஆனால், வெட்டிய ஏரியின் கீழ் உழுதவர் பெயர் விழுக்காட்டுக் கணக்கில் இல்லை. அவருடைய உழைப்பே பிறருடைய முதுமைக்கு உணவாயிற்று.

2. மிராசு: பதவி சொத்தான விதம்

'மிராசு' என்பது மரபுரிமை எனப் பொருள்படும் அரபுச் சொல். தொண்டை மண்டலத்தில் அது நிலவுரிமையைக் குறித்தது. எல்லிஸ் 1818-இல் அச்சிட்ட மிராசு பற்றிய விடைகள் ஆய்வாளர் நன்கறிந்தவை. திருமலையில் அதே சொல் பதவியையும் அதனோடு ஒட்டிய வருவாயையும் குறித்தது. அர்ச்சகர், ஜீயர், ஆச்சாரிய புருஷர், மடப்பள்ளியார் முதலியோர் தத்தம் கைங்கரியத்துக்குரிய பங்கைப் பரம்பரையாகப் பெற்றனர். திருமலை அர்ச்சகத்தில் பைடிப்பள்ளி, கொல்லப்பள்ளி, பெத்திண்டி, திருப்பதம்மா என்னும் நான்கு வைகானசக் குடும்பங்கள் முறை வைத்துப் பணி செய்தன.

1801-இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து இப்பகுதி கம்பெனி ஆட்சிக்கு வந்தது. கம்பெனி அதிகாரிகள் கோயிலை ஒரு வருவாய்த் துறையாகவே நோக்கினர். 1803-இல் ஸ்ட்ராட்டனின் அறிக்கை, 1819-இல் 'சவால் ஜவாப்' எனப்படும் வினாவிடைப் பட்டி, 1821-இல் புரூஸ் விதிகள் என ஆவணங்கள் தொடர்ந்தன. யாருக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் நிலைநிறுத்தியமையால் வழக்காறு சான்றாயிற்று, சான்று உரிமையாயிற்று. 1843-இல் கம்பெனி நிருவாகத்தைக் கைவிட்டு ஹாத்திராம்ஜி மடத்து மகந்தரிடம் ஒப்படைத்தது. 1933-இல் தேவஸ்தானக் குழு பொறுப்பேற்கும்வரை மகந்தர் ஆட்சி 90 ஆண்டுகள் நீடித்தது. இம்மாற்றங்கள் அனைத்திலும் மிராசுப் பங்கு மட்டும் அசையாமல் நின்றது.

மிராசு முறையில் 'ஓய்வு' என்னும் கருத்தே இல்லை என்பது கவனிக்கத்தக்கது. கண் மங்கிய தந்தைக்கு மாற்றாக மகனோ பங்காளியோ முறை செய்வார். பங்கு குடும்பத்துக்கு வரும். பணிபுரியும் காலம், பணி முடிந்த காலம் என்னும் பிரிவினைக்கு அங்கே தேவை எழவில்லை. கூட்டுக் குடும்பமே பொருளாதார அலகு. தனிமனிதரின் வயது அதற்குள் கரைந்துவிடுகிறது. தந்தையின் வேலை, வீடு, முதுமை, மகனின் எதிர்காலம் ஆகிய நான்கும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன.

3. மிராசின் முடிவு: 1960 முதல் 1996 வரை

இந்தக் கயிறு அறுந்த வரலாறு பெரும்பாலும் சமயச் சீர்திருத்த வரலாறாகவே எழுதப்படுகிறது. அதனை வேலைவாய்ப்பு வரலாறாகவும் படிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

1960 டிசம்பரில் உச்சநீதிமன்றம் கசுல தசரதராம ராவ் வழக்கில், 1895-ஆம் ஆண்டின் சென்னைப் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டத்தின் ஒரு பிரிவைச் செல்லாது என்றது. கிராம முன்சீப் பதவிக்கு முந்தியவரின் வழித்தோன்றல் என்பதே தகுதியாவது, அரசமைப்பின் 16-ஆம் உறுப்புக்கு மாறானது என்பது தீர்ப்பின் சாரம். 1972-இல் சேஷம்மாள் வழக்கில், தமிழ்நாட்டின் பரம்பரை அர்ச்சகர் நியமன ஒழிப்பு ஏற்கப்பட்டது. 1980-இன் இறுதியில் எம்.ஜி.ஆர். அரசு தமிழ்நாட்டில் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தது. 1984 சனவரியில் என்.டி.ராமராவ் அரசு ஆந்திரத்தில் அதையே செய்தது. சித்தூர் மாவட்டக் கிராமங்களில் தலைமுறைகளாக அடங்கலும் சிட்டாவும் எழுதிவந்த கர்ணக் குடும்பங்கள் ஒரே ஆணையில் பதவி இழந்தன.

அதே அரசு 1987-இல் இயற்றிய அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு மிராசுதாரர், அர்ச்சகர் ஆகியோரின் பரம்பரை உரிமையை ஒழித்தது. 144-ஆம் பிரிவு உண்டியலிலும் பிறவற்றிலும் இருந்த பங்குகளை ஒழித்தது. 1996 மார்ச் 19 அன்று ஏ.எஸ்.நாராயண தீட்சிதுலு வழக்கில் உச்சநீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. வழிபாட்டு முறை சமயம் சார்ந்தது. வழிபாடு நடத்துபவரை நியமிப்பது உலகியல் சார்ந்தது என்னும் வேறுபாடே தீர்ப்பின் அச்சு. தகுதியுள்ள அர்ச்சகர் பணியில் தொடரலாம். ஆனால், இனி அவர் சம்பளக்காரர். கல்வெட்டுக் காலத்திலிருந்து வந்த பங்கு முறை, சட்டத்தின் முன் அன்று முடிவுற்றது.

இங்கு ஓர் ஒப்பீடு தேவை. 1929-இல் சென்னை மாகாணம் அறநிலையச் சட்டத்தைத் திருத்தியபோது, தேவதாசியர் கோயிற்பணிக்காகப் பெற்றிருந்த மானிய நிலங்கள் பணிக்கடமையிலிருந்து விடுவிக்கப்பட்டு அவர்களுடையனவாயின. 1947-இல் பொட்டுக்கட்டும் வழக்கமே தடைசெய்யப்பட்டது. அதாவது, பதவி ஒழியும்போது அதன் சொத்து என்னாகும் என்னும் கேள்விக்குச் சட்டம் ஒரு விடை தந்தது. திருமலையில் பங்குக்கு ஈடாகக் கிடைத்தது சம்பளம் மட்டுமே. பிறப்பால் வந்த உரிமை நீங்கியது நீதி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், அவ்வுரிமை முதுமைக்கும் அடுத்த தலைமுறைக்கும் செய்துவந்த பணியை யார் ஏற்பது என்பது தனிக் கேள்வி.

4. சம்பளத் தலைமுறை

அக்கேள்விக்கு 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தந்த விடை, அரசுப் பணியும் ஓய்வூதியமும். தேவஸ்தானம் 1933-க்குப் பின் ஒரு பெரும் வேலை வழங்குநராக வளர்ந்தது. எழுத்தர், மருத்துவர், ஆசிரியர், ஓட்டுநர், பொறியாளர் எனக் கைங்கரியத்துக்கு அப்பாற்பட்ட பணிகள் பெருகின. 1945-இல் வேங்கடேசுவரா கலைக் கல்லூரியும் 1954-இல் வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும் தோன்றின. பங்கு முறையில் இடமே பெற்றிராத குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் இக்கல்வியின் வழியே மாதச் சம்பளம் பெறத் தொடங்கினர். கோயிலின் செல்வம் பிறப்பு வட்டத்துக்கு வெளியே பாய்ந்த முதற் காலம் இதுவே.

1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்சநீதிமன்றம், ஓய்வூதியம் கருணைக் கொடை அன்று, முன்னர்ச் செய்த பணிக்குரிய ஊதியமே என்று கூறியது. விட்டவன் விழுக்காட்டின் தருக்கத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே முன்னர் விட்டது பணம். இங்கே முன்னர் விட்டது உழைப்பு. இரண்டிலும் பெறுபவர் இரவலர் அல்லர், உரிமையாளர். வேறுபாடு காலத்தில் உள்ளது. விழுக்காடு சந்திராதித்தவரை செல்லும். ஓய்வூதியம் பணியாளரோடும் அவர் வாழ்க்கைத் துணையோடும் பெரும்பாலும் முடியும். பிள்ளைக்குச் செல்ல வேண்டியது கல்வியாகவோ வீடாகவோ மாற்றப்பட்டாக வேண்டும்.

ஆகவே, சம்பளத் தலைமுறையின் பெருமுயற்சி முழுதும் வீட்டில் குவிந்தது. திருமலையில் மாட வீதிகளை ஒட்டி வாழ்ந்த பழங்குடியினரின் வீடுகளும் கடைகளும் யாத்திரிகர் பெருக்கத்தாலும் பெருந்திட்டத்தாலும் அகற்றப்பட்டன. பாலாஜி நகர் அவர்களுள் பலருக்குக் குடியிருப்பாயிற்று. ஆயிரங்கால் மண்டபம் 2003-இல் இடிக்கப்பட்டதும் இத்திட்டத்தின் ஒரு பகுதியே. கீழே திருப்பதியில் ஊழியர் குடியிருப்புகள் எழுந்தன. குடியிருப்பு பணிக்காலத்துக்கு மட்டுமே உரியது; ஓய்வு நாளன்று சாவியை ஒப்படைக்க வேண்டும். எனவே பணிக்காலத்துக்குள் மனை வாங்கி வீடு கட்டி முடிப்பது ஒவ்வொரு குடும்பத்தின் காலக்கெடுவாயிற்று. நகர நிலத்தின் கணிசமான பகுதி மடத்துக்குரியதாக இருந்தமையால், கட்டிய வீட்டின் உரிமையே வழக்குக்குள்ளான குடும்பங்களும் உண்டு.

இக்கெடுவை அரசு எவ்வளவு எளிதாக அசைக்க முடியும் என்பதை ஆந்திரத்தின் ஓய்வு வயது வரலாறு காட்டுகிறது. 1983-இல் அது 58-லிருந்து 55 ஆகக் குறைக்கப்பட்டது. இளைஞர்க்கு வேலை தருவது அரசு கூறிய காரணங்களுள் ஒன்று. நாகராஜ் வழக்கில் 1985-இல் உச்சநீதிமன்றம் அரசின் அதிகாரத்தை ஏற்றது. அதற்குள் வயது மீண்டும் 58 ஆகியிருந்தது. 2014-இல் 60, 2022-இல் 62. வயதைக் குறைத்தபோது மூத்த தலைமுறை முறையிட்டது. கூட்டியபோது வேலை தேடிய இளைய தலைமுறை முறையிட்டது. ஒரே எண், இரு தலைமுறைகளின் நலன்களையும் எதிரெதிர் நிறுத்திவிடுகிறது. மிராசுக் குடும்பத்துக்குள் தந்தைக்கும் மகனுக்கும் இடையே நடந்த இடமாற்றம், இப்போது அரசாணையின் வழியே முன்பின் அறியாதவர்க்கிடையே நடைபெறுகிறது.

கோயிலுக்கு வெளியே சித்தூர் உழவருக்கு ஓய்வூதியம் எக்காலத்திலும் இருந்ததில்லை. அவருக்கு அதற்கு அண்மையில் நின்றது கூட்டுறவு: பால் சங்கம், சர்க்கரை ஆலை ஆகியவற்றில் ஒரு பங்கும் மாதந்தோறும் வரும் பணமும். சித்தூர் கூட்டுறவுப் பாற்பண்ணை 2002-இல் மூடப்பட்டது. உறுப்பினர் பங்கு என்னும் சொல் அங்கும் வெறும் காகிதமாக எஞ்சியது.

5. ஒப்பந்தத் தலைமுறை

2004 செப்டம்பர் 1 முதல் ஆந்திர அரசுப் பணியில் சேர்ந்தோர் பங்களிப்பு ஓய்வூதியத்தின்கீழ் வந்தனர். மைய அரசில் அவ்வாண்டு சனவரி 1. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1. ஊழியர் ஊதியத்தில் 10 விழுக்காடு, அரசு அதற்கு இணையாக 10 விழுக்காடு. சேர்ந்த நிதி சந்தையில் இடப்படும். இறுதியில் கிடைப்பது எவ்வளவு என்று முன்கூட்டி உறுதியில்லை. ஒரே மேசையில் ஒரே பணியைச் செய்யும் இருவருள், 2004 ஆகஸ்டில் சேர்ந்தவருக்கு உறுதியான ஓய்வூதியமும் செப்டம்பரில் சேர்ந்தவருக்குச் சந்தையின் ஏற்ற இறக்கமும் வாய்த்தன. பிறப்பால் வகுத்த கோட்டின் இடத்தில் இப்போது பணியேற்ற நாள் கோடு வகுக்கிறது. 2023-இல் ஆந்திரம் உறுதியளிக்கும் ஓய்வூதியச் சட்டம் ஒன்றை இயற்றியது, இக்கோட்டின் அரசியல் வலிமைக்குச் சான்று.

இவ்விருவருக்கும் கீழே மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். கூடத்தைக் கூட்டுபவர், விடுதியைத் துப்புரவு செய்பவர், வரிசையை ஒழுங்குசெய்பவர் எனக் கோயிலின் அன்றாடத்தைத் தாங்குவோரில் பெரும்பகுதியினர் ஒப்பந்தத்திலும் வெளிப்பணியிலும் அமர்த்தப்பட்டவர்கள். 2000-இல் தொடங்கிய ஸ்ரீவாரி சேவையின் வழியே தன்னார்வலரும் ஊதியமின்றிப் பணி செய்கின்றனர். தன்னார்வலருக்கு அது பக்தி. பக்கத்தில் நிற்கும் ஒப்பந்தப் பணியாளருக்கு அது பிழைப்பு. அவருக்குப் பங்கும் இல்லை, உறுதியான ஓய்வூதியமும் இல்லை. ஸ்ரீசிட்டியிலும் ரேணிகுண்டாவிலும் எழுந்த தொழிற்சாலைகளுக்குச் செல்லும் அவருடைய பிள்ளையின் நிலையும் பல நேரங்களில் ஒப்பந்தமே. விசயநகரக் காலத்தில் ஏரியின் கீழ் உழுதவருக்கும் இவருக்கும் கணக்கேட்டில் உள்ள இடம் ஏறத்தாழ ஒன்று.

6. அர்ச்சகருக்கு ஓய்வு உண்டா?

2018 மே மாதம் அறங்காவலர் குழு, 65 வயது நிறைந்த அர்ச்சகர்கள் ஓய்வுபெற வேண்டும் எனத் தீர்மானித்தது. தலைமை அர்ச்சகர் ரமண தீட்சிதுலுவும் அதன்படி விடுவிக்கப்பட்டார். அத்தீர்மானத்தின் அரசியற் பின்னணி பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அது எழுப்பிய கோட்பாட்டுச் சிக்கல் அதனினும் ஆழமானது. சம்பளக்காரர் என்றால் ஓய்வு வயது உண்டு. பரம்பரை அர்ச்சகர் என்றால் இல்லை. 1996-இன் தீர்ப்பு முதல் விடையை நோக்கிச் சென்றது. பரம்பரை அர்ச்சகர்க்குச் சில பாதுகாப்புகளை மீட்டளித்த 2007-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் இரண்டாவதை நோக்கித் திரும்பியது. 2018 டிசம்பரில் திருச்சானூர் அர்ச்சகர்கள் தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்றம் அர்ச்சகர் பக்கம் தீர்ப்பளித்தது. 2021 ஏப்ரலில், ஓய்வளிக்கப்பட்டோர் மீண்டும் பணியேற்க வழி பிறந்தது.

ஆக, ஒரே வளாகத்தில் இன்று நான்கு வகை முதுமைகள் அருகருகே நிற்கின்றன: ஓய்வு வயதற்ற பரம்பரைப் பணியாளர், பழைய ஓய்வூதியர், சந்தையை நம்பிய பங்களிப்பாளர், எதுவுமற்ற ஒப்பந்தப் பணியாளர். பழைய முறை மறைந்து புதிய முறை வந்தது என்னும் நேர்க்கோட்டு விவரிப்பு இங்கே பொருந்தாது. பாறை அடுக்குகள் போல ஒவ்வொரு காலமும் தன் படிவை விட்டுச் சென்றுள்ளது. ஒருவர் எந்த அடுக்கில் நிற்கிறார் என்பதே அவருடைய முதுமையைத் தீர்மானிக்கிறது.

7. நிறைவாக

பங்கு முறையின் இழப்பைப் பொற்கால ஏக்கமாக்குவது பிழை. அது மிகச் சிலருக்கே பொற்காலம். அதே வேளையில், பரம்பரை ஒழிப்பை முழுமையான விடுதலையாக எழுதுவதும் குறைபாடுடையது. பங்கில் இரண்டு கூறுகள் இருந்தன: பிறப்பால் வந்த ஏற்றத்தாழ்வு ஒன்று, முதுமையில் பசியின்மை மற்றொன்று. சீர்திருத்தம் முதலாவதை நீக்கியபோது, இரண்டாவதை எல்லோருக்கும் விரித்திருக்க வேண்டும். சம்பளத் தலைமுறையில் அது ஓரளவு நிகழ்ந்தது. ஒரு தலைமுறை முடிவதற்குள் நின்றுவிட்டது. இன்றைய இளையவரின் மனக்குறை, பெற்றோர் பெற்றதைத் தாம் பெறவில்லை என்பதாக ஒலிக்கிறது. வரலாற்று நோக்கில், நின்றுபோன ஒரு விரிவாக்கத்தைப் பற்றிய குறையே அது.

ஆய்வு மாணவர்க்கு இத்துறையில் செய்ய வேண்டிய பணிகள் பல. விட்டவன் விழுக்காடு பெற்ற குடும்பங்களைக் கல்வெட்டுத் தொகுதிகளில் தலைமுறை வாரியாகத் தொடர்ந்து செல்லலாம். பங்கு எப்போது கைமாறியது, எப்போது ஆவணத்திலிருந்து மறைந்தது என்று காணலாம். 1984-க்குப் பின் சித்தூர்க் கர்ணக் குடும்பங்களின் தொழில் மாற்றம் வாய்மொழி வரலாற்றுக்குரிய பொருள். அவ்வாண்டில் பணியிலிருந்தோர் முதுமையெய்திவிட்டனர், இப்பணி காத்திருக்காது. 1911 வரை வட ஆர்க்காட்டின் தலைநகராக இருந்த சித்தூரின் பழைய வருவாய் ஆவணங்களைத் தமிழறிந்தோர் தெலுங்கறிந்தோருடன் இணைந்து படிக்க வேண்டும். கல்லில் உள்ள தமிழும் அரசாணையில் உள்ள தெலுங்கும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். ஒன்றை மட்டும் படிப்பவருக்கு வரவு தெரியும், செலவு தெரியாது.